வெளிச்சம் பட்டால் ஓட வேண்டும்

நான் முதன்முதலாகச் செத்தது அலவத்துகொடவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட கையோடு. பக்கத்தில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. என் சாவைப் பார்த்து அண்ணா கதிரையில் சரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கார ராத்தா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், புள்ளைக்கு என்னமோ ஆகிட்டு!" என்று டீவித் திரையைப் பார்த்து உண்மையாகவே கலங்கிப்போனார்.

இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அம்மா வீடியோ கேம் விளையாடினாவாம், அதுவும் பேய்க் கேமாம் என்று ஆளையாள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கைத்தொலைபேசியில் விளையாடுவதெல்லாம் எனக்கு விளையாட்டாகவே படுவதில்லை. செத்த மறுநொடியே எழும்பி ஓடுகிறார்கள். நாங்கள் விளையாடியதில் செத்தால், கடைசியாக விளக்கு ஏற்றிய இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி நடந்து வரவேண்டும். அந்த விளக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்டதற்குப் பிறகு, அப்பாவுக்குக் கண்டிப் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. பேராதனையில் ஓர் அரசாங்க அலுவலகம், கணக்குப் பிரிவு. வேலை இருந்தது, இருக்க வீடுதான் இல்லை. நகரத்துக்குள் நாங்கள் ஏறி இறங்காத வாசல் கிடையாது. முதலில் சிரித்த முகத்தோடு கதிரை தருவார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும், போன கிழமைதான் வேறு ஆட்களுக்குப் பேசி முடித்தோம் என்பார்கள். குண்டு வெடித்த நகரம், அவர்களுக்கும் பயம் இருக்கத்தானே செய்யும் என்று அப்பா நியாயம் சொல்வார். எனக்கு அந்த நியாயம் பிடிக்காது. இப்போதும் பிடிக்கவில்லை.

கடைசியில் வீடு தந்தவர் ராத்தா, முஸ்லிம் அக்காமாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்குறணையைத் தாண்டி, மாத்தளைக்குப் போகும் வீதியிலிருந்து சற்று உள்ளே, பின்வளவில் மிளகுக்கொடியும் கராம்பு மரமும் நின்ற வீடு. அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கணவர் ஜித்தாவில் சாரதி. பிள்ளைகள் இன்னும் இல்லை. "ஊட்டுல ஆம்பிளைங்க இல்ல. ஒங்கட வாப்பா ஈந்தா எனக்கும் ஒரு தைரியம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எங்கள் எல்லோரையும் பொலிஸில் பதிவதற்கு அவரே குடையோடு கூட வந்தார். வீட்டின் பின்பாதி எங்களுக்கு. முன்பாதியில் அவரும், அவருடைய டீவியும், டீவிக்குப் பக்கத்தில் லேஸ் துணியால் மூடிய ஒரு சாம்பல்நிறப் பெட்டியும்.

அந்தப் பெட்டிதான் கேம் மெஷின். கணவர் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அதை இந்த டீவியோடு பொருத்துவதற்கு வயர் தேடி அலைந்து, வயர் கிடைத்தபோது அவருடைய லீவு முடிந்துவிட்டது. ராத்தா தினமும் காலையில் லேஸ் துணியை எடுத்து, தூசு தட்டி, திரும்பவும் மூடி வைப்பார். ஒருநாள் எங்கள் பக்கத்துக் கதவைத் தட்டி அண்ணாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்களுக்குக் கம்பியூட்டரெல்லாம் தெரியுமே. இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன். அவர் ஒவ்வொரு வெள்ளியும் போன்ல கேக்கிற, போட்டுப் பாத்தீங்களா, எப்பிடி ஈக்குதுன்னு. நானும் நல்லா ஈக்கி, நல்லா ஈக்கின்னு பொய் செல்லிச் செல்லி அலுத்துப்போன."

அண்ணா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கண்டி நகரத்தில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். தெரியாதது ஒன்றுமில்லை என்ற பாவனையில் வயரைப் பல்லால் கடித்துச் சீவி, எப்படியோ படத்தை வரப்பண்ணிவிட்டார். பெட்டியோடு வந்த சீடிகளில் ஒன்று கார், ஒன்று பந்து. இரண்டும் ராத்தாவுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது சீடியின் உறையில் படம் இல்லை. போட்டதும் திரை கறுத்து, மழைச்சத்தம் கேட்டது. மூடுபனிக்குள் ஒரு மலை, மலையில் பூட்டிக்கிடக்கும் ஒரு பழைய ஆஸ்பத்திரி.

"இது ஹந்தானைப் பக்கம் மாதிரியே ஈக்கே" என்று ராத்தா கிட்ட வந்து உட்கார்ந்தார்.

எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. பேச்சும் அதே. அதனால் கதை என்னவென்று எங்கள் மூவருக்கும் கடைசிவரை தெரியாது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கையில் டோர்ச்சோடு அந்த ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறாள். ஒவ்வொரு கதவாகத் திறக்கிறாள். சில நேரம் வாயைக் குவித்து யாரையோ கூப்பிடுகிறாள். அவள் வெளியே போக வழி தேடுகிறாள் என்றார் அண்ணா. புருஷனைத் தேடுகிறாள் என்றார் ராத்தா. இல்லை, தமையனைத் தேடுகிறாள் என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது, வாயில் வந்தது, சொன்னேன்.

அதில் கதவுகள் மெல்லத்தான் திறக்கும். திரை முழுக்க இருட்டு, நடுவில் கதவு மட்டும், கிறீச் என்ற சத்தம். அப்பால் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரு வயதாகிற மாதிரி இருக்கும். ராத்தாவுக்கு அது தாங்காது. "பிஸ்மி செல்லாமக் கதவத் தொறக்க வாணாம்" என்று சட்டம் போட்டுவிட்டார். நெற்றியில் திருநீற்றோடு அண்ணாவும் நானும் கதவுக்குக் கதவு பிஸ்மி சொன்னோம். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வரும்: "அப்பிடியே ஞானவைரவரையும் ஒருக்கா நினையுங்கோ பிள்ளையள்."

இத்தனை காவல் போட்டும் லாந்தர்காரன் வந்தான்.

முதலில் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையின் முடிவில் ஒரு மஞ்சள் வெளிச்சம், வெளிச்சத்துக்குப் பின்னால் உயரமான ஒரு கறுத்த உருவம். முகமில்லை. லாந்தரை உயர்த்திப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்து வந்தான். அப்போது விளையாட்டுப் பிடி என் கையில் இருந்தது. அதை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம். வெளிச்சம் மெல்ல ஊர்ந்து வந்து அந்தப் பெண்ணின் காலில் பட்டது, சட்டையில் பட்டது, முகத்தில் பட்டது.

நான் விரல்களை எடுத்துவிட்டேன். அவள் நின்றுவிட்டாள்.

"ஓடடி!" என்று அண்ணா கத்தினார். "ஓடு, ஓடு, ஏன் நிக்கிறாய்?"

எனக்குக் கேட்டது. விரல்தான் அசையவில்லை. அவன் நிதானமாகக் கிட்ட வந்தான், லாந்தரைக் கீழே வைத்தான், திரை சிவந்துபோனது.

இரண்டாம் தரமும் அதே விறாந்தையில் அதே மாதிரி நின்றேன். மூன்றாம் தரமும் நின்றேன். அண்ணாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னடி, ஐசி எடுத்துக் காட்டப் போறியோ?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. நான் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது, ரிமோட்டை அவர் மடியில் எறிந்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை மறிப்பார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அட்டையில் எங்கள் பிறந்த இடத்தைக் கண்டதும் டோர்ச் அட்டையை விட்டு முகத்துக்கு ஏறும், பட்டப்பகலிலும் ஏறும். அம்மா எங்களுக்குச் சோறூட்டிய மாதிரி இதையும் ஊட்டியிருந்தார். நில் என்றால் நில்லு. கையை வெளியில் வை. வெளிச்சம் முகத்தில் பட்டால் கண்ணைச் சுருக்காதே. என்ன நடந்தாலும் ஓடாதே, ஓடினவனைத்தான் சுடுவார்கள். பால்குடி மறந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த ஒருத்தியிடம் ஒரு விளையாட்டு வந்து, வெளிச்சம் பட்டால் ஓடு என்கிறது. எப்படி ஓடுவது?

அண்ணா ஓடினார். அதே அம்மாவின் பிள்ளைதான், ஆனால் ரிமோட்டை அவர் பிடித்தால் அந்தப் பெண் மான் மாதிரிப் பாய்வாள். லாந்தர்காரனுக்குப் பக்கத்தால் நழுவி, கட்டிலுக்கு அடியால் புகுந்து, மறுபக்கத்தால் எழும்பிவிடுவாள். ராத்தா கையைத் தட்டுவார். "ஒங்கட அண்ணன் எங்க போனாலும் தப்பிச்சுக்குவார் புள்ள" என்பார். நானும் அதை நம்பினேன்.

இனி விளக்கு. அந்த ஆஸ்பத்திரிக்குள் அங்கங்கே சின்ன அறைகள் இருந்தன. உள்ளே ஒரு மேசை, மேசையில் பச்சைக் கண்ணாடி விளக்கு. நெருப்புக்குச்சி இருந்தால் அதை ஏற்றலாம். ஏற்றினால் அதுவரை விளையாடியது சேமிப்பாகி, மெஷினில் செருகியிருக்கும் மெமரி கார்ட்டில் பதிந்துவிடும். அந்த அறைக்குள் லாந்தர்காரன் வரமாட்டான். விளக்கு எரிந்ததும் மெதுவாக ஒரு இசை வரும், யாரோ பக்கத்து வீட்டில் பிள்ளையை நித்திரையாக்குகிற மாதிரி. நாங்கள் விளையாடாமல் அந்த அறையிலேயே அவளை நிறுத்திவிட்டு, இசையைக் கேட்டபடி பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டியும் சாப்பிட்டுக்கொண்டு இருப்போம். வெளியே உண்மையான மழை கராம்பு இலைகளில் பெய்யும். ராத்தா தன் கலியாணக் கதையைச் சொல்வார், அண்ணா கேலி செய்வார். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் இருந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியான ஓர் அறை எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த ஹோலுக்குள் போய்த் தரையில் உட்கார வேண்டும் போல் இருக்கிறது.

நெருப்புக்குச்சிதான் பிரச்சினை. அது எங்கேயோ ஒரு மேசை லாச்சிக்குள், ஒரு கட்டிலடியில் ஒன்றொன்றாகத்தான் கிடைக்கும். அண்ணா கிடைத்ததும் கொளுத்தச் சொல்வார். நான் விடமாட்டேன். எங்கள் வீட்டில் சவர்க்காரமும் சீனியும் மெழுகுதிரியும் கட்டிலுக்குக் கீழே இருந்தன. எப்போது எது இல்லாமல் போகும் என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். கடைசிக்குத் தேவைப்படும் என்று குச்சிகளைப் பிடித்துவைத்தேன். கரண்ட் வெட்டுகிற காலம் வேறு. ஒரு சனிக்கிழமை முழுதும் விளையாடி, மேல்மாடிவரை ஏறி, ஒரு குச்சிகூடச் செலவழிக்காமல் நான் பெருமையோடு இருந்தபோது கரண்ட் போனது. எல்லாம் போச்சு. கையில் இருந்த குச்சிகளும் போச்சு. அண்ணா என்னோடு பேசவே இல்லை. ராத்தாதான், "அவ என்ன செய்ய, சேத்து வெச்சுப் பழகின கை" என்று எனக்காக வாதாடினார்.

அந்த மாதம் ஒருநாள் பாலத்தில் அண்ணாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். மற்றவர்கள் ஏறினார்கள், அவர் ஏறவில்லை. கூட வந்த ஒருவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ராத்தா அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய், சிங்களத்தில் அதட்டியும் கெஞ்சியும், இது என் வீட்டுப் பிள்ளை, பதிவு இருக்கிறது, பாருங்கள் என்று வாதாடி, மறுநாள் அழைத்துவந்தார். அண்ணாவுக்கு அடி விழவில்லையாம். நின்றுகொண்டே இருக்கச் சொன்னார்களாம். அவ்வளவுதான் சொன்னார். பின்னேரம் வந்து ரிமோட்டை எடுத்தார். லாந்தர்காரன் வந்தபோது நன்றாகவே ஓடினார். நான் மட்டும் அவர் காதைப் பார்த்தேன், அது சிவந்திருந்தது.

அன்றைக்கே அம்மாவும் அப்பாவும் முடிவு எடுத்துவிட்டார்கள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவது. கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரன். எந்த நாடு, எந்த வழி என்று அவன் சரியாகச் சொல்லவில்லை, போன் பண்ணுவேன், ஆயத்தமாக இருங்கள் என்றான். எங்களுக்குப் போன் இல்லை. ராத்தாவின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவருக்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் அம்மா கயிற்றில் காயப்போட்ட தடித்த கம்பளிச் சட்டையைக் கண்ட ராத்தா, "கண்டிக் குளிருக்கு இது கொஞ்சம் கூட" என்று மட்டும் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசை. அண்ணா போகுமுன் அந்த விளையாட்டை முடித்துவிட வேண்டும். அவள் தேடுகிற ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஏதோ அதை முடித்தால் எல்லாம் ஒழுங்காகும் என்ற மாதிரி ஒரு பைத்தியம். ராத்தாவின் போன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் செய்வதை விட்டுவிட்டுக் கதவடிக்கு வருவேன். லாந்தர்காரனின் செருப்புச் சத்தத்துக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. அந்த வருஷங்களில் நாங்களாக விரும்பிப் பட்ட பயம் அந்த விளையாட்டு ஒன்றுதான், வேண்டாமென்றால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். போனை அப்படி நிறுத்த முடியாது.

ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சீருடைகூட மாற்றவில்லை. விளையாட்டில் அண்ணா மேல்மாடியின் நீண்ட விறாந்தையில் இருந்தார், நான் பக்கத்தில். போன் அடித்தது. ராத்தா எடுத்தார், கேட்டார், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. அண்ணா போய்ப் பேசினார். "ஓம், ஓம், விளங்குது, நாளைக்கு விடிய வாறன்" என்றார்.

திரும்பி வந்து ரிமோட்டை எடுத்தார். விறாந்தையைக் கடந்து, படியிறங்கி, ஒரு பச்சை விளக்கு அறைக்குள் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"ஒரு குச்சிதான் இருக்கு. கொளுத்தட்டோ?"

நான் தலையாட்டினேன். விளக்கு எரிந்தது. இசை வந்தது.

"இதிலயே இருக்கட்டும். நீ தொடாத, நிண்டு நிண்டு அவளைச் சாக்காட்டிப்போடுவாய்" என்றார். "நான் வந்தாப்பிறகு மிச்சத்தை முடிப்பம்."

மறுநாள் காலை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது ராத்தா தன் முன்கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கத்தால்தான் போக வேண்டும் என்றார். அவர் உரக்கப் பிஸ்மி சொன்னார். அம்மா வைரவரை நினைத்தார். அண்ணா எங்கள் எல்லோரையும் பார்த்து, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். பாலத்தைத் தாண்டும்வரை அப்பாவும் கூடப் போனார்.

பிறகு அண்ணாவிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு மாதம் போனது, இன்னொன்று போனது. ஏஜென்சிக்காரன் வரும் வரும் என்றான், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் ராத்தா கணவரோடு பேசும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். யாரோ ஒருவரின் தூரத்துக் குரலாவது அந்த வீட்டுக்குள் வருகிறதே என்று இருக்கும். அவர் போனில், "மெஷின் நல்லா ஈக்கி" என்பார். இந்தத் தடவை அது பொய்யில்லை. பேசி முடிந்ததும் லேஸ் துணியைச் சரிசெய்வார். நான் துணியைத் தொடவில்லை, அவரும் என்னை விளையாடச் சொல்லவில்லை.

அண்ணாவின் அழைப்பு வந்தது ஒரு ஞாயிறு மத்தியானம். அம்மா போனைப் பிடித்து அழுதுகொண்டே இருந்ததால் வேறு ஒன்றும் கேட்க முடியவில்லை. கடைசியில் என் கைக்கு வந்தது. எந்த நாடென்று கேட்டேன். பெயர் சரியாகத் தெரியாது, முகாமில் வைத்திருக்கிறார்கள், சாப்பாடு தருகிறார்கள், குளிர் என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"காட்டுக்குள்ளால கூட்டிக்கொண்டு போனவங்கள். எல்லையில வெளிச்சம் அடிச்சால் சிதறி ஓடுங்கோ, ஒருத்தரும் நிக்கக்கூடாது எண்டு சொன்னவங்கள். வெளிச்சம் அடிச்சது. எல்லாரும் ஓடிட்டாங்கள்."

"நீங்கள்?"

"நான் நிண்டிட்டன்."

வயருக்குள் உஸ்ஸென்று ஒரு இரைச்சல்.

"மூஞ்சையில வெளிச்சம் பட்ட உடன கால் நிண்டிட்டுதடி. கையைத் தூக்கிக்கொண்டு நிண்டன். கிட்ட வந்தவுடன சட்டைப் பைக்குள்ள கையை விட்டு..." என்று சொல்லி அவர் சிரிக்கத் தொடங்கினார். "ஐசியை எடுத்து நீட்டினன்."

ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டைப் பறித்து, உங்கள் ஊர்ப்பெயர் போட்ட எதையும் வைத்திருக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தானாம். எல்லாவற்றையும் எறிந்தவர் அதை மட்டும் எறியவில்லை. ஐசி இல்லாமல் வாசல்படி தாண்டாத ஆட்கள் நாங்கள். நித்திரையில் எழுப்பினாலும் கை அங்கேதான் போகும். மற்றவர்கள் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள், இன்றைக்கு வீடு வாசலோடு இருக்கிறார்கள். அண்ணா மட்டும் பெயர், ஊர், பிறந்த இடம் எல்லாவற்றோடும் வெளிச்சத்துக்குள் நின்று பிடிபட்டார். அவர் போனில் சிரித்துக்கொண்டே இருந்தார். பாழாய்ப்போன சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு நேரே போய் லேஸ் துணியை இழுத்து எறிந்தேன்.

ராத்தா ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு அறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள், அண்ணா விட்ட மாதிரியே. நான் கதவைத் திறந்தேன். பிஸ்மி சொல்லவில்லை, ராத்தாதான் சொன்னார். செருப்புச் சத்தம் வந்தது. மஞ்சள் வெளிச்சம் வந்தது. காலில் பட்டது, சட்டையில் பட்டது, முகத்தில் பட்டது.

நான் ஓடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய ஓடினேன். லாந்தர்காரனுக்குப் பக்கத்தால், அவன் கைக்குக் கீழால், அண்ணா நழுவிய மாதிரியே நழுவினேன். விறாந்தை முழுக்க அவன் துரத்தினான். நான் நிற்கவில்லை. "ஓடு புள்ள, ஓடு" என்று ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். விறாந்தையின் முடிவில், நாங்கள் ஒருநாளும் காணாத பெரிய இரட்டைக் கதவு இருந்தது. அதன் கீழ் இடுக்கால் பகல் வெளிச்சம் தெரிந்தது. மழை விட்டிருந்தது.

அந்தக் கதவை நான் திறக்கவில்லை. எழும்பிப் போய் மெஷினின் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன். விளக்கேற்றாத ஓட்டம் கார்ட்டில் பதியாது. அவள் மறுபடி அண்ணா விட்ட அறைக்கே போயிருப்பாள்.

அவரை இரண்டு முகாம்களில் மாற்றி மாற்றி வைத்து, வருஷங்கள் கழித்து ஒரு குளிர் நாட்டில் அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். கையில் ஒரு பயணப் புத்தகமும் கொடுத்தார்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். அம்மா அதை நம்பவில்லை. ஒரு நாட்டைத் தவிர என்று ஒரு புத்தகத்தில் போடுவார்களா, இவன் வர மனமில்லாமல் சொல்லுகிறான் என்று கோபித்துக்கொண்டே இருந்தார். கோபம் தீருமுன் போய்விட்டார். செத்தவீட்டுக்கு அண்ணா வரவில்லை, வர முடியாது. யுத்தம் முடிந்தது. அப்பாவும் போனார். ராத்தாவின் கணவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அந்த வீட்டில் இப்போது பேரப்பிள்ளைகள் ஓடித்திரிகிறார்கள். மெஷின் எப்போதோ பழுதாகிவிட்டது. நான் கலியாணமாகி நாவலப்பிட்டிக்கு வந்தபோது, ராத்தா மெமரி கார்ட்டை மட்டும் கழற்றி, தன் தோட்டுப் பெட்டி ஒன்றுக்குள் பஞ்சு வைத்து எனக்குத் தந்தார். அதைப் போட்டுப் பார்க்க இனி எங்கும் மெஷின் இல்லை. இருந்தாலும் போடமாட்டேன்.

என் கணவரின் ஆட்கள் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு தரம் படிவம் வந்தது, இரண்டு தரமும் நான் கையெழுத்து வைக்கவில்லை. இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

போன மாதம் அண்ணா வீடியோவில் பேசினார். முடியெல்லாம் நரைத்துவிட்டது, காது மட்டும் அதே காது. மருமக்களோடு பகிடி விட்டு முடித்து, பிறகு என்னிடம் கேட்டார்:

"அந்தக் கார்ட் இன்னும் இருக்கோ?"

"ஓம். அலுமாரிக்குள்ள."

"எங்க நிக்கிறாள்?"

"நீங்கள் விட்ட இடத்திலதான். விளக்குக்குப் பக்கத்தில."

சிரித்தார். "பாவம். நீ ஓடத் தெரியாம அவளை அதுக்குள்ளயே அடைச்சு வைச்சிட்டாய்."

நான் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ராத்தாவும் நானும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அண்ணாவுக்கும் அதுவரை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"எனக்கு ஓடத் தெரியும், அண்ணா. நீங்கள் வருமட்டும் நிக்கிறன்."